பின் அடித்த புத்தகங்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் சட்டத்துக்கு அடியில் நடந்த விற்பனை

கீழக்கரை வாசகர், 7 ஜனவரி 2024

அந்தக் காலத்தில் சென்சார் மிகக் கடுமையாக இருந்தது. வயது வந்தோருக்கான புத்தகங்களை நம் பக்கத்துக் கடைகளில் யாரும் துணிந்து விற்றதில்லை. எங்கோ கண்ணில் பட்ட ஒன்றிரண்டும் அக்கரையான இலங்கையிலிருந்து தோணியில் வந்தவைதாம். இதை மறுப்பவர் உண்டா?

8 ஜனவரி 2024

கீழக்கரை வாசகர் சொல்வதை மறுக்கிறேன். 1979 முதல் 1988 வரை, இராமநாதபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டி என் தாய்மாமா நடத்திய பத்திரிகைக் கடையில் வேலை பார்த்தேன். பட்டப்படிப்பு முடித்து வேலை அமையாமல் அங்கே போய் உட்கார்ந்தவன், ஒன்பது ஆண்டுகளை அந்த மரப்பலகைக்குப் பின்னால் கழித்தேன். கெட்ட பொருள் எதுவாக இருந்தாலும் அக்கரையைக் கை காட்டுவது நம் பக்கத்தில் பழகிப்போன பேச்சு. என் கையால் பிரித்த கட்டுகள் மதுரையிலிருந்து, விடியற்காலை வண்டியில், வார இதழ்க் கட்டுகளோடு கட்டாக வந்தவை.

கட்டைப் பிரிக்கும் முறையைச் சொன்னால் விளங்கும். சணல் கயிற்றை அறுத்து, வார இதழ்களை எண்ணி அடுக்கி, மாத நாவல்களை எடுத்து வைத்த பிறகு, அடியில் பழைய செய்தித்தாளில் சுற்றிய தனிப் பொட்டலம் ஒன்று இருக்கும். பட்டியலில் அதற்குப் பெயர் கிடையாது. ‘இதர வகை’ என்று ஒரு தொகை மட்டும் எழுதியிருப்பார்கள். உள்ளே இருப்பவை 32 பக்கமோ 48 பக்கமோ கொண்ட சிறு புத்தகங்கள். உட்பக்கங்கள் மங்கலான நியூஸ்பிரிண்ட் தாள். ராப்பர், அதாவது மேலட்டை, மட்டும் வழவழப்பான தாள். முதுகில் பின் அடிப்பது இப்படிப்பட்ட சிறு புத்தகங்களுக்கு உள்ள வழக்கம். இவற்றுக்குத் திறக்கும் பக்கத்திலும் மூன்று பின்கள் அடித்திருக்கும். அதனால் எங்கள் கடையில் அவற்றை ‘பின் அடித்தது’ என்றே சொல்வோம். வெளியே ‘சரோஜாதேவி புத்தகம்’ என்றும் ‘பலான புத்தகம்’ என்றும் சொன்னார்கள்.

அந்த மூன்று பின்களும் காசு கொடுக்காமல் புரட்டிப் பார்ப்பவர்களைத் தடுக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம். மறுபாதியை என் மாமா அடிக்கடி சொல்வார்: “மூடி வந்ததை மூடினபடியே விக்கிறேன் தம்பி. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?” சட்டத்தின் முன் அந்தச் சொல் தன்னைக் காப்பாற்றும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

9 ஜனவரி 2024

சென்சார் என்ற சொல்லால் ஒரு குழப்பம் வருகிறது. 1952 ஆம் ஆண்டின் சட்டப்படி முன்கூட்டியே பார்த்துச் சான்று தருவது திரைப்படத்துக்குத்தான். அச்சிட்ட நூலுக்கு அப்படி ஒரு வாரியம் நம் நாட்டில் இல்லை. 1975 ஜூனில் வந்த நெருக்கடி நிலையின்போது பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை இருந்தது. அது அரசியல் செய்திகளைக் குறிவைத்தது. மற்றபடி நூலுக்கு வருவதெல்லாம் விற்ற பிறகு வரும் வழக்கு. எது ஆபாசம் என்று முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லாததால், அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் மாமாவின் தலையில் விழுந்தது.

11 ஜனவரி 2024

எந்தச் சட்டம் என்று கேட்டிருக்கிறார்கள். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292 ஆவது பிரிவு. விற்பது, வாடகைக்கு விடுவது, காட்சிக்கு வைப்பது, விற்பதற்காக வைத்திருப்பது ஆகிய அனைத்தும் அதன்படி குற்றம். தொடக்கத்தில் மூன்று மாதம் வரை இருந்த சிறைத்தண்டனை 1969 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கு இரண்டு ஆண்டு வரையும் 2,000 ரூபாய் வரை அபராதமும், அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டு வரையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் என்று உயர்ந்தது. 1898 ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 20 ஆவது பிரிவில் இத்தகைய பொருளைத் தபாலில் அனுப்புவதைத் தடுத்தது. எங்களுக்குக் கட்டு ரயிலில் வந்ததற்கும் தபாலில் வராததற்கும் இதுவே காரணம் என்று பின்னாளில் புரிந்துகொண்டேன்.

மாமாவின் நம்பிக்கைக்கு வருகிறேன். அவர் கடை வைப்பதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. பம்பாயில் ஒரு புத்தகக் கடையின் பங்குதாரரான ரஞ்சித் உதேஷி, டி. எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலை விற்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். வாடிக்கையாளர்போல் ஓர் ஆளை அனுப்பி வாங்க வைத்துத்தான் அவரைப் பிடித்தார்கள். கீழ் நீதிமன்றம் விதித்த அபராதம் 20 ரூபாய். 1964 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. நூலின் உள்ளடக்கம் விற்பவருக்குத் தெரியும் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்றும் சொன்னது. திறக்கும் பக்கத்தில் மூன்று பின் என்ன, முப்பது பின் அடித்திருந்தாலும் பயன் இல்லை.

15 ஜனவரி 2024

என் கருத்தின் மையம் இதுதான். 1867 ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டப்படி, அச்சிடும் ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஆபாசத் தடைக்கு அஞ்சி இந்தப் புத்தகங்களை அடித்தவர்கள் அந்த வரியையே விட்டுவிட்டார்கள். எழுதியவருக்குப் புனைபெயர், அச்சகத்துக்குப் பெயரே இல்லை, வெளியிட்டவருக்கு முகவரி இல்லை. கைமாறிக் கைமாறி வந்து, பெயரும் முகவரியும் உரிமப் பலகையும் உள்ள ஒரே மனிதரிடம் புத்தகம் நின்றது. அவர் பெட்டிக்கடைக்காரர். தடை கடுமையாகக் கடுமையாக மேலே இருந்தவர்கள் இன்னும் ஆழமாக மறைந்தார்கள். கீழே இருந்தவர் மட்டும் வெளிச்சத்தில் இருந்தார். விற்பனை குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

அச்சு எங்கே என்று கேட்டால், சிவகாசி என்றுதான் சொல்ல வேண்டும். 1985 வரை சிவகாசியும் பிரிக்கப்படாத நம் இராமநாதபுரம் மாவட்டத்தில்தானே இருந்தது.

22 ஜனவரி 2024

விற்ற விதம். எங்கள் கடையில் இவை ஒருபோதும் கயிற்றில் தொங்கியதில்லை. மாமா அமரும் இடத்துக்குக் கீழே பூட்டுப்போட்ட வேப்பமரப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் இருக்கும். கேட்பவர் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார். “அண்ணே, புதுசு வந்திருக்கா?” என்பார். தெரிந்த முகமாக இருந்தால் மாமா நேற்றைய நாளிதழை எடுத்து விரித்து, பலகைக்குக் கீழேயே பொட்டலம் கட்டி, மேலே ஒரு வார இதழையும் வைத்துக் கொடுப்பார். தெரியாத முகமாக இருந்தால், “எல்லாம் தொங்குதே, பாத்து எடுங்க” என்று இதழ்களைக் காட்டிவிடுவார். மீசை அரும்பாத பையன்கள் கேட்டால் பெயரும் தெருவும் விசாரிப்பார். அதன்பின் அவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

ஒரு புத்தகத்தின் விலை வார இதழைப்போல் நான்கு மடங்கு. முழு விலை கொடுத்து வைத்துக்கொள்பவர்கள் குறைவு, ஏனென்றால் வீட்டில் வைக்க இடம் இல்லை. ஆகவே வாங்கியவர் மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் கிடைக்கும். திரும்பி வந்ததற்கு நாங்களே மறுபடி பின் அடிப்போம். பழைய துளையில் பின் நிற்காது என்பதால் சற்றுத் தள்ளி அடிக்க வேண்டும். ஓரத்தில் எத்தனை ஜோடித் துளைகள் என்று எண்ணினால் அது எத்தனை கை மாறியது என்று தெரிந்துவிடும். ஒன்பது முறை பின் வாங்கிய ஒரு புத்தகத்தை என் கையில் வைத்து எண்ணியிருக்கிறேன். கடைசியில் அந்த ஓரம் சல்லடையாகிக் கிழிந்துவிடும். பிறகு அது பாம்பனிலோ மண்டபத்திலோ இருந்த பழைய புத்தகக்காரரிடம் எடைக்குப் போகும். சட்டம் வாடகைக்கு விடுவதையும் தனியாகப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

3 பிப்ரவரி 2024

தொண்டியிலிருந்து எழுதும் ஓர் அன்பர், இந்தப் புத்தகங்கள் கடல் வழியாகவும் வந்தன அல்லவா என்று விடாமல் கேட்கிறார். நான் முழுதாக மறுத்தது சரியில்லை. கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டு 1980களின் முற்பாதி வரை ஓடியது. இரு கரையிலும் சுங்கச் சோதனை இருந்தது. இந்தியச் சுங்கச் சட்டத்தின் 11 ஆவது பிரிவு ஒழுக்க நெறியைக் காரணம் காட்டி இறக்குமதியைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. இலங்கையிலும் 1927 முதல் ஆபாச வெளியீடுகள் சட்டம் இருக்கிறது. ஆகவே அக்கரை ஒன்றும் திறந்த சந்தை இல்லை. மேலும், 1977 இல் இலங்கை தன் பொருளாதாரத்தைத் திறந்துவிடும் வரை அங்கேயே வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பஞ்சம். 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வணிக இதழ்களின் இறக்குமதியையே அந்த அரசு கட்டுப்படுத்தியது. அங்கே உள்ளூர்த் தமிழ் வெளியீடுகள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். நம் குடும்ப வார இதழ்களே அங்கே கிடைக்காப் பொருளாக இருந்த ஆண்டுகள் அவை.

ஆனால் ஒன்று உண்டு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த சபுராளிகளின் (வெளிநாடு போய்ச் சம்பாதித்துத் திரும்புபவர்களின்) பெட்டிகளில் வழவழப்பான ஆங்கில இதழ்கள் எப்போதாவது வந்தன. அவை கடைக்கு வந்ததில்லை, நண்பர்களுக்குள் சுற்றின. கீழக்கரையில் எனக்குப் பழக்கமான ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்போம்), கண்ணாடிக் குவளைகள் உடையாமல் இருக்கச் சுற்றிக் கொண்டுவந்த ஓர் இதழ்த்தாளை என்னிடம் காட்டினார். அது சாதாரணப் பெண்கள் இதழ்தான். அவர் போய்வந்த வளைகுடா நாட்டில் விற்பனைக்கு வருமுன், விளம்பரப் படத்திலிருந்த பெண்ணின் தோளையும் காலையும் தடித்த பேனாவால் கறுப்பாக அடித்திருந்தார்கள். தாளைத் திருப்பினால் மை ஊறி, பின்பக்கத்திலிருந்த சமையல் குறிப்பில் பாதி எழுத்துகளை விழுங்கியிருந்தது. ஒவ்வொரு பிரதியையும் ஒருவர் உட்கார்ந்து கையால் அடித்திருப்பார் என்பது அன்று எனக்குப் பெரும் வியப்பு.

4 பிப்ரவரி 2024

ஒரு சேர்க்கை. அதே பழைய தண்டனைச் சட்டத்தில், இருபது வயதுக்கு உட்பட்டவருக்கு விற்றால் 293 ஆவது பிரிவு. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை, அடுத்ததற்கு ஏழு ஆண்டு வரை. 11 ஜனவரி குறிப்பில் நான் எழுதிய தண்டனை 292க்கு மட்டும் உரியது.

17 பிப்ரவரி 2024

சிவகாசி பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அந்த ஊரில் அச்சுத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. சிவகாசியின் பெருமை ஆப்செட்டில் அடித்த நாட்காட்டிகளும் தீப்பெட்டி லேபிள்களும். நான் கையாண்ட புத்தகங்களின் உட்பக்கங்கள் ஈய எழுத்துக் கோத்து, காலால் மிதிக்கும் ட்ரெடிலில் அடித்தவை; தாளின் பின்புறத்தை விரலால் தடவினால் எழுத்தின் அழுத்தம் தெரியும். ‘ழ’ தீர்ந்துபோய் ‘ள’ போட்டு ஒப்பேற்றிய பக்கங்களும் உண்டு. அத்தகைய சிறு அச்சகம் அன்று எல்லா ஊரிலும் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தது. அச்சகப் பெயர் இல்லாத புத்தகத்தை வைத்துக்கொண்டு ஓர் ஊரின் பெயரைச் சொன்னது என் தவறு. அக்கரையைக் கை காட்டுகிறவர்களைக் குறை சொன்ன நானே மேற்கே கை காட்டியிருக்கிறேன்.

10 மார்ச் 2024

‘மஞ்சள் பத்திரிகை’ என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது வேறு சரக்கு. பெயருள்ள மனிதர்களின் அந்தரங்கத்தை எழுதி அச்சுறுத்துவது அதன் தொழில். ‘சினிமா தூது’, ‘இந்துநேசன்’ இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்திக் கொல்லப்பட்டதும், தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்று 1947 இல் விடுதலையானதும் எல்லோரும் அறிந்தவை. அவதூறையும் பணம் பறிப்பதற்கான எழுத்தையும் தண்டிக்க 1960 இல் நம் மாநிலம் 292-அ என்ற தனிப் பிரிவையே சேர்த்தது. பின் அடித்த புத்தகத்தில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள்.

(இந்தக் கடைசி வாக்கியத்தைக் கீழே 19 மே குறிப்பில் திருத்தியிருக்கிறேன்.)

2 ஏப்ரல் 2024

பிடிபட்ட கதையைச் சொல்லத் தயங்கினேன். மாமா காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இனி யாருக்கும் கேடு இல்லை.

1983 ஐப்பசி, மழை நாள். ஒரு வாரமாக நாள்தோறும் வந்து இதழ் வாங்கிப் பழகிய ஒருவர், அன்று “புதுசு வந்திருக்கா” என்றார். மாமா கொடுத்தார். அவர் நீட்டிய ஐந்து ரூபாய்த் தாளின் எண்ணை முன்பே குறித்து வைத்திருந்தார்கள். இரண்டு நிமிடத்தில் ஏட்டும் மூன்று காவலர்களும் வந்தார்கள். ஏட்டு எங்கள் வாடிக்கையாளர். மாமாவின் முகத்தைப் பார்க்காமலேயே, “மேலிடத்து உத்தரவு அண்ணாச்சி, நான் என்ன செய்ய” என்றார். பெட்டியை அப்படியே தூக்கிப் பலகைமேல் கவிழ்த்தார்கள். தேநீர்க் கடைக்காரரையும் வெற்றிலைக் கடைக்காரரையும் சாட்சியாக நிறுத்தி, கைப்பற்றியவற்றின் பட்டியலான மகஜர் எழுதினார்கள். மழைக்கு ஒதுங்கிய பேருந்துப் பயணிகள் எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள்.

மகஜரில் 41 பிரதிகள். அவற்றில் 38 பின் அடித்தவை. மற்ற மூன்றும் ஒரு மருத்துவர் எழுதிய கர்ப்ப கால ஆலோசனை நூலின் பிரதிகள். கருவின் வளர்ச்சியைக் காட்டும் கோட்டுப்படங்கள் அதில் இருந்தன. கேட்கக் கூச்சப்பட்ட பெண்களுக்குத் தனியாக எடுத்துக் கொடுப்பதற்காக மாமா அவற்றையும் அதே பெட்டியில் வைத்திருந்தார். 1969 திருத்தம் அறிவியல், இலக்கியம், கலை ஆகியவற்றின் பொருட்டுப் பொது நன்மைக்காக வெளியிடப்படுபவற்றுக்கு விலக்கு அளித்திருந்தது. அன்று மழையில் நின்று எழுதியவர்களிடம் அதைச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்தது என்பதே குற்றத்துக்குப் போதுமானதாயிற்று.

மாலையில் ஜாமீனில் வந்தார். மதுரை மொத்த வியாபாரி, அந்தப் பொட்டலம் தன்னுடையதே இல்லை என்று சொல்லி அனுப்பினார். ‘இதர வகை’ என்ற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாரை இழுப்பது? வழக்கு இரண்டரை ஆண்டு நடந்தது. பதினான்கு வாய்தாக்கள், ஒவ்வொன்றுக்கும் கடையை அடைக்க வேண்டும். இறுதியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 500 ரூபாய் கட்டினார். எழுதியவர், அச்சிட்டவர், அனுப்பியவர் மூவரும் எந்த ஆவணத்திலும் இல்லை.

19 மே 2024

தேவிபட்டினத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கேள்வி ஒரு மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ‘உங்கள் மாமாவுக்கு நேர்ந்ததை மூன்று பக்கம் எழுதினீர்கள். ராப்பரில் இருந்த பெண்ணைப் பற்றி ஒரு வரி உண்டா?’

இல்லை, எழுதியிருக்க வேண்டும். ராப்பர் படங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு இதழ்களிலிருந்தோ, துணிக்கடை நாட்காட்டிகளிலிருந்தோ, சினிமா விளம்பரங்களிலிருந்தோ வெட்டி எடுத்தவை. அந்தப் பெண்கள் யாரிடமும் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சரோஜாதேவி என்ற பெயரையே எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயருடைய பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் பள்ளியிலும் அலுவலகத்திலும் அதைத் தாங்கிக்கொண்டு நடந்திருப்பார்கள்! ஆகவே ‘கற்பனை மனிதர்கள்’ என்று எழுதியது தவறு. 1986 ஆம் ஆண்டின் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் கண்ணியத்தைப் பற்றிப் பேசுகிறது. அச்சகப் பெயரே இல்லாத புத்தகத்தின்மீது ஒரு பெண் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாள்? நான் மாமாவுக்காகக் கேட்ட அதே கேள்வியை அவளுக்காகக் கேட்கத் தவறினேன்.

இன்னொன்றும் உண்டு. 1983க்கு முன்பு மதிய நேரத்தில் அத்தைதான் கடையில் உட்காருவார். தொடர்கதை படிக்கும் பெண்கள் அந்த நேரம் பார்த்து வருவார்கள். மகஜர் நாளுக்குப் பிறகு அத்தை கடைக்கு வரவில்லை. அந்தப் பெண்களும் வரவில்லை. எங்கள் கடைக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடைப் படியில் நின்று, தம்பியையோ மகனையோ அனுப்பி இதழ் வாங்கிப் போனார்கள். அத்தை ஒரு முறைதான் அதைப் பற்றிப் பேசினார்: “நான் உக்காந்த பலகைக்குக் கீழதானப்பா அது இருந்துச்சு?”

3 ஜூலை 2024

1 ஜூலை முதல் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 292 இப்போது 294. முதல் முறைக்கான அபராத உச்சம் 5,000 ரூபாய், அடுத்ததற்கு 10,000. மின்னணு வடிவில் காட்டுவதையும் சேர்த்திருக்கிறார்கள். கோயிலிலும், தெய்வத் திருமேனிகள் எழுந்தருளும் தேரிலும் உள்ள சிற்பங்களுக்கான விலக்கு தொடர்கிறது. எளிதில் கெடக்கூடிய மனத்தை நூல் கெடுக்குமா என்று பார்ப்பது, 1868 இல் இங்கிலாந்தில் பிறந்த ஹிக்ளின் அளவுகோல்; அதை உதேஷி வழக்கு ஏற்றிருந்தது. 2014 இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விட்டுவிட்டு, சமகாலச் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டது.

புத்தக விற்பனையை முடித்து வைத்தது இவற்றில் எதுவும் இல்லை. 1980களின் நடுவில் வீடியோ கேசட் வந்தது. பிறகு கணினி மையங்கள் வந்தன. நான் கடையை விட்டு வந்த 1988 இல், காந்தி ஜயந்தியன்று பாம்பன் சாலைப் பாலம் திறந்தார்கள். அந்த ஆண்டே பொட்டலம் மாதம் ஒன்றாகக் குறைந்துவிட்டிருந்தது.

11 ஆகஸ்ட் 2024

பிடிபட்ட புத்தகங்கள் என்ன ஆயின என்று கேட்டவருக்கு. தீர்ப்பில் அழிக்க உத்தரவானது, எரித்திருப்பார்கள். மருத்துவ நூல் மூன்றையும் திருப்பித் தருமாறு மாமா மனு எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். பெட்டியை மட்டும் கொடுத்தார்கள். அடிப்பலகையில் வழக்கு எண்ணைச் சிவப்புச் சாயத்தில் எழுதியிருந்தார்கள். அத்தை அதை இரண்டு முறை சாம்பல் போட்டுத் தேய்த்தார்; எண் போகவில்லை. பிறகு அதில் உப்புக்கண்டம் வைத்துப் பூட்டிக்கொண்டார்.